கழுத்து நரம்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: வலி முதலில் விலகும், வலு பிறகே திரும்பும்

கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையில் சிக்கி அழுத்தப்பட்ட நரம்பை அறுவை சிகிச்சை மூலம் விடுவித்தபின், பெரும்பாலானோருக்குக் கைவலி சில நாள்களிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் விரல்களின் மரமரப்பு நீங்க வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. இழந்த தசைவலு திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகக்கூடும். எலும்புகளை இணைக்கும் சிகிச்சையாக இருந்தால், அவை ஒன்றோடொன்று கூடுவதற்கு மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தேவைப்படுகிறது. வலி, வலு, எலும்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் தேறுகின்றன என்பது பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. வலி நின்றவுடன் எல்லாம் முடிந்ததாகக் கருதிப் பயிற்சியையும் மறுபரிசோதனையையும் கைவிடுவோர் ஒருபுறம்; விரல் இன்னும் மரத்திருக்கிறதே, சிகிச்சை வீணாயிற்றோ என்று அஞ்சுவோர் மறுபுறம். இரு தரப்பினருக்கும் இழப்பு நேர்கிறது.

எந்த நரம்பு, எந்த விரல்

கழுத்துப் பகுதியில் முள்ளெலும்புகள் 7. அங்கிருந்து புறப்படும் நரம்பு இணைகள் 8. ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையிலும், ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு இடையிலும் உள்ள வட்டுகளே மிகுதியாகத் தேய்கின்றன. 'ஜவ்வு விலகிவிட்டது' என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுவது இந்த வட்டின் உட்பகுதி பிதுங்கி வெளிவருவதையே. வயது ஏற ஏற வட்டு வற்றி, எலும்பின் விளிம்பில் கூர்முனைகள் வளர்ந்து, நரம்பு வெளியேறும் துளை குறுகுவதும் உண்டு.

ஆறாவது நரம்பு அழுத்தப்பட்டால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போகின்றன. ஏழாவது நரம்பானால் நடுவிரல் மரக்கும். முழங்கையை நீட்டும் தசை தளரும். எட்டாவதானால் சுண்டுவிரல் பக்கம் பாதிக்கப்பட்டுப் பிடிமானம் குறையும். ஐந்தாவது நரம்பு தோளை உயர்த்தும் தசைக்குரியது. அறுவை சிகிச்சைக்கு முன் எந்த விரல், எந்தத் தசை என்று குறித்து வைத்துக்கொள்வது பயனுள்ளது. பின்னர் முன்னேற்றத்தை அளக்க அதுவே அளவுகோலாகிறது.

நரம்பு வேர் அழுத்தத்தால் வரும் கைவலி, பெரும்பாலானோருக்கு மருந்து, ஓய்வு, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றால் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தணிந்துவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை முறையாக முயன்றும் வலி குறையாதவர்களுக்கும், கை வலுவிழந்துகொண்டே வருபவர்களுக்கும்தான் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. நரம்பு வேர் அல்லாமல் தண்டுவடமே அழுத்தப்படும் நிலை வேறு வகையானது. அதில் காத்திருத்தல் ஆபத்தாகலாம்.

முன்புற வழியும் பின்புற வழியும்

தொண்டைப் பக்கமாகக் கீறி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மெல்ல ஒதுக்கி, தேய்ந்த வட்டை அகற்றி எலும்புகளை இணைக்கும் முறை 1950களில் உருவானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்மித், ராபின்சன் ஆகியோரும், ஹவாய்த் தீவைச் சேர்ந்த கிளவார்டும் தனித்தனியே இதை வகுத்தனர். அப்போது இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைத்தனர். இப்போது பெரும்பாலும் கூண்டு வடிவச் செருகியும் டைட்டானியம் தகடும் பயன்படுகின்றன. இணைப்பதற்குப் பதிலாக அசையும் செயற்கை வட்டைப் பொருத்துவதும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கழுத்துக்கான முதல் செயற்கை வட்டுக்கு 2007ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது.

பிடரிப் பக்கமாகச் செய்யப்படும் சிகிச்சைகளில், நரம்புத் துளையை மட்டும் அகலப்படுத்துவது ஒருவகை. தண்டுவடத்தின் பின்சுவரை அகற்றுவதும், ஜப்பானில் வளர்ந்த முறைப்படி அந்தச் சுவரைக் கதவு போலத் திறந்து நிறுத்துவதும் பிற வகைகள். முன்புற வழியில் தொண்டை எரிச்சலும் விழுங்கும் சிரமமும் அதிகம், தசைவலி குறைவு. பின்புற வழியில் தொண்டைக்குத் தொல்லையில்லை. ஆனால் பிடரித் தசைகளை விலக்க வேண்டியிருப்பதால் முதல் சில வாரங்கள் கழுத்துவலி கடுமையாக இருக்கும். அருகருகே படுத்திருக்கும் இரு நோயாளிகளின் அனுபவம் முற்றிலும் வேறுபடுவதற்கு இதுவே காரணம். உறவினர் ஒருவருக்கு மூன்றே நாளில் சரியாயிற்று என்பதை வைத்து மற்றொருவரின் குணமடைதலைக் கணிக்க இயலாது.

முதல் 48 மணி நேரம்

அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்க வைக்கின்றனர். ஓரிரு வட்டுகளுக்கான சிகிச்சையெனில் ஒன்று முதல் மூன்று நாள்களில் வீடு திரும்புவது வழக்கம். இந்தத் தொடக்க நேரத்தில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது, முன்புறச் சிகிச்சைக்குப் பின் கழுத்துக்குள் ரத்தம் கசிந்து தேங்கி மூச்சுக்குழாயை நெருக்குவதைத்தான். இது அரிதானது, நூறு பேரில் ஒருவர் அளவிலோ அதற்குக் குறைவாகவோ நிகழ்வது. ஆனால் நிகழ்ந்தால் நிமிடங்கள் முக்கியம். கழுத்து வீங்கி இறுகுதல், குரல் திடீரென மாறுதல், எச்சிலைக்கூட விழுங்க இயலாமை, படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருத்தல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். தேவைப்பட்டால் படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றும் அளவுக்கு அவசரமான நிலை இது.

கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு நாள்களுக்குள் தெரிந்துவிடும். அரிதாகச் சில நாள் கழித்தும் வரலாம். தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் பெருநகர மருத்துவமனைகளுக்கு வருவோர் பலர் உள்ள நாட்டில், இது நடைமுறைக் கேள்வியாகிறது. மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்று இரவே இருபது மணி நேர ரயில் பயணம் மேற்கொள்வதைவிட, சில நாள்கள் அருகிலேயே தங்கிச் செல்வது பாதுகாப்பானது. தங்கும் செலவு சிறு தொகையன்று என்றாலும், முன்கூட்டித் திட்டமிட வேண்டிய செலவு அது.

தொண்டை கரகரப்பும் விழுங்கும் சிரமமும் இதிலிருந்து வேறுபட்டவை. முன்புறச் சிகிச்சைக்குப் பின் பலருக்கு இவை இருக்கும். சில ஆய்வுகளில் முதல் மாதத்தில் பாதிப் பேர் வரை விழுங்குவதில் ஏதேனும் சிரமம் இருந்ததாகக் கூறியுள்ளனர். பெரும்பாலானோருக்கு வாரங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடுகிறது. கஞ்சி, கிச்சடி, குழைந்த சோறு, தயிர் போன்றவற்றைச் சிறு கவளங்களாக, நிமிர்ந்து உட்கார்ந்து உண்பது உதவும். பெரிய மாத்திரைகளை விழுங்க முடியாதவர்கள் தாமாகப் பொடித்து உட்கொள்ளாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிப்பது தீங்காகும். குரல்நாணுக்குச் செல்லும் நரம்பு இழுபடுவதால் ஏற்படும் கரகரப்பு ஆறு, எட்டு வாரங்களைத் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் பரிசோதனை தேவை.

சிகிச்சை நன்றாக முடிந்து, ஓரிரு நாள் கழித்துத் தோளைத் தூக்க முடியாமல் போவதும் உண்டு. தண்டுவட அழுத்தத்தை நீக்கும் சிகிச்சைகளுக்குப் பின் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஐந்தாவது நரம்பில் இத்தகைய தளர்ச்சி வருகிறது. பெரும்பாலும் அது சில மாதங்களில் தானே தேறிவிடும். எனினும் புதிதாகத் தோன்றும் எந்தத் தளர்ச்சியையும் அன்றே தெரிவிக்க வேண்டும். உள்ளே ரத்தம் தேங்கி அழுத்துகிறதா என்று பார்த்து விலக்கிய பிறகே அதைச் சாதாரணம் எனக் கொள்ள முடியும். கால்கள் தளர்வது, சிறுநீர் பிரியாமல் அடைபடுவது, காய்ச்சல், காயத்திலிருந்து சீழோ தெளிந்த நீரோ வடிவது ஆகியவையும் தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகளே.

நரம்பின் நடை

அறுவை சிகிச்சை நிபுணர் செய்வது அழுத்தத்தை அகற்றுவது மட்டுமே. நரம்பைச் செப்பனிடும் வேலையை உடலே செய்துகொள்கிறது. அதன் வேகம், அழுத்தம் நரம்பை எவ்வளவு ஆழமாகச் சேதப்படுத்தியது என்பதைப் பொறுத்தது. நரம்பிழையைச் சுற்றியுள்ள உறை மட்டும் நைந்திருந்தால் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் அது புதுப்பிக்கப்பட்டு, உணர்வும் வலுவும் ஓரளவு விரைவாகத் திரும்புகின்றன. இழையே அறுந்துபோயிருந்தால் அது கழுத்திலிருந்து மீண்டும் வளர்ந்து தசையை எட்ட வேண்டும். அந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து உள்ளங்கை வரை அறுபது, எழுபது சென்டிமீட்டர் தூரம் என்று கொண்டால் கணக்கு இரண்டு ஆண்டுகளைத் தொடுகிறது. இதில் மற்றொரு சிக்கலும் உண்டு: நரம்பின் தொடர்பின்றி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசை அதன்பின் நரம்பை ஏற்கும் திறனை இழந்துவிடுகிறது. தோள், மேற்கைத் தசைகள் நன்கு தேறுவதும், உள்ளங்கையின் சிறு தசைகள் முழுமையாகத் தேறாமல் போவதும் இந்தத் தூரக் கணக்கினால்தான். அறுந்துபோகாத அண்டை இழைகள் கிளைவிட்டுத் தசையைப் பங்கிட்டுக்கொள்வது பலருக்குக் கைகொடுக்கிறது.

பொதுவெளியில் அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மானிங். பந்தெறியும் கையில் நரம்புப் பாதிப்பால் வலுவிழந்த அவருக்கு 2011 செப்டம்பரில் கழுத்து எலும்பு இணைப்புச் சிகிச்சை நடந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2012இல் வேறோர் அணிக்காகத் திரும்பிய அவர், 2013 பருவத்தில் 55 'டச் டவுன்' எறிதல்களுடன் சாதனை படைத்தார்; 2016 பிப்ரவரியில் சாம்பியன் பட்டமும் வென்றார். ஆனால் அந்தக் கையின் விரல் நுனிகளில் உணர்வு திரும்பவில்லை என்று சிகிச்சைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2015இல் அவரே தெரிவித்தார். உலகின் சிறந்த பயிற்சியும் மருத்துவமும் கிடைத்த ஒருவரின் நிலை இது. வலு திரும்புவதும் உணர்வு திரும்புவதும் ஒன்றல்ல என்பதற்கும், எஞ்சிய குறையோடு இயங்கப் பழக முடியும் என்பதற்கும் இது சான்று.

வலி நின்ற பின் இரண்டாவது முதல் ஆறாவது வாரத்துக்குள் கையில் எரிச்சலோ மின்னல் போன்ற குத்தலோ மீண்டும் தலைகாட்டுவது பலரைக் கலங்கடிக்கிறது. அழுத்தம் நீங்கிய நரம்பு சில காலம் எரிச்சலுற்றிருப்பதால் இது வரக்கூடும். தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே வரும் வலி பெரும்பாலும், சுருங்கிப்போயிருந்த வட்டு இடைவெளி செருகியால் மீண்டும் உயர்த்தப்பட்டதன் விளைவு. இவை விட்டுவிட்டு வந்து படிப்படியாகக் குறைந்தால் கவலையில்லை; நாளுக்கு நாள் கூடினால் மறுபரிசோதனை வேண்டும். நரம்பு வலிக்காகத் தரப்படும் காபாபென்டின், பிரீகாபலின் போன்ற மருந்துகளை வலி நின்றதும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் குறைத்தே விட வேண்டும்.

எலும்பு கூடும் காலம்

செருகியும் தகடும் எலும்பைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்துபவை. நிலையான வலிமை, இரு முள்ளெலும்புகளும் ஒன்றாக வளர்ந்து கூடும்போதே கிடைக்கிறது. இதற்குப் பெரும்பகை நிகோடின். புகைபிடிப்போருக்கு எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பது நீண்டகாலமாக அறியப்பட்ட உண்மை. இந்தியாவில் இதற்கு மற்றொரு முகமும் உள்ளது. 2016-17ஆம் ஆண்டின் உலக வயது வந்தோர் புகையிலை ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துகின்றனர். புகைப்போர் 10.7 விழுக்காடு; மெல்லும் புகையிலை போன்ற புகையற்ற வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. 'பீடியை விட்டுவிட்டேன்' என்று மருத்துவரிடம் கூறும் நோயாளி, கைனியையோ குட்காவையோ புகையிலை சேர்ந்த பாக்கையோ கணக்கில் சேர்ப்பதில்லை. மருத்துவர் கேட்பதும் பெரும்பாலும் 'புகைப்பீர்களா' என்றுதான். ரத்த நாளங்களைச் சுருக்கும் நிகோடின் இவை அனைத்திலும் உள்ளது.

நீரிழிவும் கவனத்துக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நிதியுதவி செய்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இல்லையெனில் காயத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. நரம்பு தேறுவதும் தாமதமாகிறது. சிகிச்சையின்போது வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து, சில நாள்களுக்குச் சர்க்கரை அளவை ஏற்றிவிடும் என்பதையும் நீரிழிவு உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற கருத்து உள்ளதால், மருந்துக்கடையில் தாமாக வாங்கி உண்பதைத் தவிர்ப்பது நல்லது.

கழுத்துப் பட்டை குறித்து மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரே மட்டத்தில் தகடு பொருத்தப்பட்டவர்களுக்குப் பட்டையால் கூடுதல் பயன் உறுதியாகவில்லை. எனவே சிலர் அதைத் தருவதே இல்லை. பல மட்டங்களில் இணைப்புச் செய்தவர்களுக்கும், எலும்பு நலிந்தவர்களுக்கும் சில வாரங்கள் அணியச் சொல்வதுண்டு. பட்டையைத் தேவைக்கு மேல் மாதக்கணக்கில் அணிந்திருந்தால் கழுத்துத் தசைகள் மெலிந்துவிடும்.

வீட்டிலும் வெளியிலும்

முதல் ஆறு வாரங்களுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் அனுமதிக்கும் சுமை இரண்டு முதல் நான்கு கிலோ வரைதான். நிரம்பிய குளியல் வாளி ஒன்றின் எடையே பதினைந்து கிலோவைத் தாண்டும். வீட்டு உபயோக எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ முப்பது கிலோ. தண்ணீர்க் குடம், நீர் நிறைந்த பெரிய குக்கர், கைக்குழந்தை ஆகிய எல்லாமே இந்த வரம்புக்கு அப்பாற்பட்டவை. 'கனமானதைத் தூக்காதீர்கள்' என்ற பொதுவான அறிவுரையைவிட, வீட்டில் யார் எதைத் தூக்குவார்கள் என்பதை முன்கூட்டிப் பேசி முடிவுசெய்வதே பலன் தருகிறது. நோயாளி வீட்டுப் பெண்ணாக இருந்தால் இந்தப் பேச்சு பெரும்பாலும் நடைபெறாமலேயே போகிறது.

நடைப்பயிற்சியை முதல் நாளிலிருந்தே கூட்டிக்கொண்டு போகலாம். கார் ஓட்டுவதற்குக் கழுத்தை இருபுறமும் திருப்பிப் பார்க்க முடிவதும், மயக்கம் தரும் மருந்துகளை நிறுத்தியிருப்பதும் அவசியம். இருசக்கர வாகனத்துக்கு இன்னும் கூடுதல் காலம் காத்திருக்க வேண்டும். தலைக்கவசம் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை கிலோ எடையுள்ளது. வேகத்தடையிலும் பள்ளத்திலும் ஏற்படும் குலுக்கல் நேராகக் கழுத்தில் இறங்குகிறது. பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதும் இதற்கு விலக்கன்று.

மேசைப் பணிக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்புவோர் பலர். கணினித் திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கைப்பேசியை மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது கழுத்துக்குப் பெருஞ்சுமை. கட்டுமானம், வேளாண்மை, சுமைதூக்கும் தொழில் ஆகியவற்றில் இருப்போருக்கு மூன்று மாதங்களும் அதற்கு மேலும் ஆகலாம். தலைச்சுமை தூக்குவோர் அதே வேலைக்குத் திரும்பலாமா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தினக்கூலியை நம்பியுள்ள குடும்பத்துக்கு அந்தப் பதிலே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைச் சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டும். முடிதிருத்தகத்தில் மசாஜ் முடிவில் கழுத்தைச் சட்டெனத் திருகி நெட்டி முறிக்கும் வழக்கம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு மட்டுமல்ல, எவருக்குமே தகாதது.

பயிற்சி தொடங்கும்போது உதவி முடிகிறது

இயன்முறைப் பயிற்சி பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின்னரே முழுவீச்சில் தொடங்குகிறது. கழுத்தின் ஆழ்ந்த தசைகளையும் தோள்பட்டைத் தசைகளையும் வலுப்படுத்துவது, வலுவிழந்த கைக்கு அன்றாடச் செயல்களின் வழியே பயிற்சி அளிப்பது ஆகியவை இதன் நோக்கம். எலும்பு கூடுவதற்கு முன் கழுத்தை இழுக்கும் கருவிச் சிகிச்சையோ அழுத்தமான மசாஜோ கூடாது. சிகிச்சைச் சுருக்க அறிக்கையைப் பயிற்சியாளரிடம் காட்டினால் இந்தத் தவறு நேராது.

கைக்கான பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சப்பாத்தி மாவு பிசைவது, பருப்பில் கல் பொறுக்குவது, சட்டைப் பொத்தான்களை மாட்டிக் கழற்றுவது, நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்து உண்டியலில் இடுவது, துணியைப் பிழிவது ஆகியவை விரல்களின் நுண்ணசைவையும் பிடியையும் மீட்கின்றன. நாள்தோறும் சிறிது நேரம் பலமுறை செய்வது, வாரத்தில் ஒருநாள் நெடுநேரம் செய்வதைவிட மேலானது. உணர்வு குறைந்த விரல்கள் சூட்டை அறியாமல் சுட்டுக்கொள்ளும் என்பதால் அடுப்படியில் கூடுதல் கவனம் வேண்டும்.

செலவு குறித்த சிக்கல் இங்குதான் எழுகிறது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் அத்திட்டத்தின் கீழ் கிடைக்கும் தொடர்கவனிப்பு 15 நாள்களுக்கு மட்டுமே. நரம்பு தேற மாதங்கள் ஆகும் ஒரு நோயில், பயிற்சி தொடங்குவதற்கு முன்பே உதவிக்காலம் முடிந்துவிடுகிறது. அறுவைக் கூடத்துக்குச் செலவிடப்பட்ட பெருந்தொகையின் பலன், அதன்பின் வரும் சிறு தொகை இல்லாததால் குறைந்துபோவது முறையன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இயன்முறைப் பிரிவுகளில் மிகக் குறைந்த கட்டணத்திலோ கட்டணமின்றியோ பயிற்சி பெற முடியும். தனியார் காப்பீடு வைத்திருப்போர், வெளியேறிய பின்னரான செலவுகளுக்கு எத்தனை நாள் வரை உரிமை உண்டு என்பதைத் தங்கள் ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்டுவடம் அழுத்தப்பட்டவர்கள்

நரம்பு வேர் அழுத்தம் வலியால் தன்னை அறிவிக்கிறது. தண்டுவட அழுத்தம் பலருக்கு வலியே இன்றி வருகிறது. சட்டைப் பொத்தான் போட இயலாமை, கையெழுத்து மாறுதல், சோறு பிசைகையில் பருக்கைகள் விரலிடுக்கில் சிதறுதல், காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்து செல்லுதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். முதுமை என்று ஒதுக்கப்பட்டு மாதங்கள் கடந்துவிடுகின்றன. பத்து நொடிகளில் விரல்களை முழுமையாக மடக்கி விரிக்கும் எளிய சோதனையில், நலமுள்ளவர் இருபது முறைக்கு மேல் செய்வார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவரால் அது இயலாது. சிகிச்சைக்குப் பிறகு முன்னேற்றத்தை வீட்டிலேயே மாதந்தோறும் அளக்கவும் இச்சோதனை உதவும்.

2017இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிமுறைகள், மிதமான அல்லது கடுமையான தண்டுவட அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. முதல் நோக்கம் மேலும் மோசமடையாமல் தடுப்பது. அதற்கு மேல் கிடைக்கும் முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில் தெரியும். ஓரிரு ஆண்டுகள் வரை மெதுவாகத் தொடரலாம். எவ்வளவு முன்னேற்றம் என்பது, அழுத்தம் எத்தனை காலம் நீடித்தது, சிகிச்சைக்கு முன் நோயாளி எந்நிலையில் இருந்தார் என்பவற்றையே பெரிதும் சார்ந்தது. நடக்க முடியாத நிலையில் அறுவைக் கூடத்துக்குச் செல்பவர், முன்போல ஓடித் திரும்புவார் என்று குடும்பத்தினர் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இவர்களுக்கு வீட்டில் முதல் எதிரி வழுக்கி விழுதல். ஈரமான குளியலறைத் தரை, பிடிமானமில்லாத கழிவறை, இருண்ட நடைவழி ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே நோயாளியை அழைத்து வருவது நல்லது. குந்தி அமரும் கழிவறைக்கு மாற்றாக நாற்காலி வடிவ இருக்கை வைக்கலாம். இரவு விளக்கு அவசியம்.

எதிர்பார்த்தபடி தேறாதபோது

மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின்னும் மாற்றமே இல்லையெனில் காரணம் தேடப்பட வேண்டும். மணிக்கட்டிலும் அதே நரம்பு நெருக்கப்பட்டிருப்பது, தோள்மூட்டு நோய், நீரிழிவு நரம்புத் தளர்ச்சி ஆகியவை கழுத்து நோயோடு சேர்ந்தே இருக்கக்கூடும். சைவ உணவினர் மிகுந்த இந்தியாவில் வைட்டமின் பி12 குறைபாடு பரவலாக உள்ளது. அது தண்டுவட அழுத்தத்தை அப்படியே ஒத்த அறிகுறிகளைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாகாது.

எலும்பு கூடாமல் போனவர்களில் சிலருக்கு எத்தொல்லையும் இராது. மற்றவர்களுக்கு ஓராண்டுக்குப் பின் கழுத்துவலி திரும்பி, மறுசிகிச்சை தேவைப்படலாம். இணைக்கப்பட்ட எலும்புகளுக்கு மேலும் கீழும் உள்ள வட்டுகளும் காலப்போக்கில் தேய்கின்றன. ஹிலிபிராண்ட் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் மூன்று பேருக்கு இவ்வாறு புதிய அறிகுறிகள் தோன்றுவதாகவும், பத்தாண்டுகளில் கால்வாசிப் பேருக்கு வரக்கூடும் என்றும் கணக்கிட்டது. இதில் இணைப்பின் பங்கு எவ்வளவு, இயல்பான தேய்மானத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது.

கழுத்தே திரும்பாமல் போய்விடுமோ என்ற அச்சத்துக்கு அடிப்படை குறைவு. கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழ பாதி, மேலேயுள்ள முதல் இரு எலும்புகளுக்கு இடையிலேயே நிகழ்கிறது. கீழ்ப்பகுதியில் ஒரு மட்டத்தை இணைத்தால் ஏற்படும் இழப்பைப் பெரும்பாலானோர் உணர்வதே இல்லை. மூன்று, நான்கு மட்டங்களை இணைத்தவர்களுக்குத்தான் வண்டியைப் பின்னோக்கி ஓட்டும்போதும் மேலே அண்ணாந்து பார்க்கும்போதும் வேறுபாடு தெரியும்.

வழக்கமாக ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்ற இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கின்றனர். வலி நின்றுவிட்டவர்கள் கடைசி இரண்டையும் தவறவிடுவது வழக்கமாகிவிட்டது. எலும்பு கூடியதா என்பது தெரியவருவதோ அந்த இரண்டில்தான். டைட்டானியம் பொருத்தியவர்கள் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் எந்த உலோகம், எந்த மட்டம், எந்த ஆண்டு என்று அந்த மையத்தில் கேட்பார்கள். சிகிச்சைச் சுருக்க அறிக்கையையும், பொருத்தப்பட்ட கருவியின் விவரச் சீட்டையும் சிகிச்சைக்கு முன் எடுத்த படங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது அதற்கு உதவும்.